நூறு குதிரைவலுவுக்குக் கையெழுத்திடப் போகும் பிள்ளைகளுக்கு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கங்களில் முதலாவது பெரிய பைக்குக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாருக்கு,



பனி கரைந்து, மழை வந்து வீதி உப்பைக் கழுவியதும் நீங்கள் கடைக்குப் போவீர்கள். எந்த வண்டிக்கு முன்னால் நிற்பீர்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். யமஹா எம்.டி-09, கவாசாகி இசட் 900, ட்ரையம்ப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் 765, இல்லையென்றால் கேடிஎம் டியூக்குகளில் பெரியது ஒன்று. உடம்பை மூடும் உறை எதுவும் இல்லாமல் எஞ்சினும் சட்டமும் வெளியே தெரிய, அகன்ற ஹேண்டில்பாருடன் நிற்கும் நேக்கட் பைக்குகள். மிகெல் கலூஸி வடிவமைத்த டுகாட்டி மொன்ஸ்டர் 1993இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இந்த அழகுக்கு மயங்கியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இந்த நகரத்தில் நீண்ட காலமாக இந்த வகை வண்டியைத்தான் ஓட்டுகிறேன். குனிந்து ஓட்டும் சூப்பர்ஸ்போர்ட் வண்டியில்போல மணிக்கட்டில் பாரம் விழாது, முதுகு நிமிர்ந்திருக்கும், நெரிசலில் தலையை உயர்த்தி நான்கு கார்களுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று பார்க்கலாம். ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எதை, எந்த நேரத்தில், எதைப் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்பதில்தான் என் கவலை எல்லாம்.

ஒன்ராறியோவின் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பதினாறு வயது நிரம்பியவர் எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்து எம்1 என்ற பழகுநர் லைசென்ஸ் எடுத்துவிட்டால், சாலையில் ஓட்டும் எஞ்சினின் அளவுக்கோ வலுவுக்கோ இங்கே எல்லை இல்லை. இரவில் ஓட்டக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, 80 கி.மீ-க்கு மேல் வேக எல்லை உள்ள பெருந்தெருக்களில் ஒருசிலவற்றைத் தவிர மற்றவற்றில் ஏறக்கூடாது, இரத்தத்தில் மது துளியும் இருக்கக்கூடாது. கட்டுப்பாடுகள் இவ்வளவுதான். 180 குதிரைவலு வண்டியை எம்1-உடன் ஓட்டினால் எந்தப் பொலிஸ்காரரும் அந்த ஒரு காரணத்துக்காக உங்களை மறிக்க முடியாது.

லண்டனில் இருக்கும் உங்கள் மச்சானால் இப்படிச் செய்ய முடியாது. அங்கே 19 வயதில் கிடைக்கும் ஏ2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைவலு, எல்லை. அதற்கு மேலே போக ஏ2-வில் இரண்டு ஆண்டு ஓட்டியிருக்க வேண்டும், அல்லது 24 வயதாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் பழகுநர்களுக்கு 660 சிசி எல்லையும், எடைக்கேற்ற வலு எல்லையும் உண்டு. இந்த விதிக்குள் அடங்குவதற்காகவே யமஹா நிறுவனம் 689 சிசி எம்.டி-07-ஐ 655 சிசி ஆகக் குறைத்துத் தனியாகச் செய்தது. இந்த வேலிகளில் ஒன்றையும் எங்கள் மாகாணம் போடவில்லை. எவ்வளவு வலு போதும் என்ற முடிவு முழுக்க உங்கள் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. கடைக்காரர் அந்த முடிவை எடுக்க மாட்டார், நண்பர்களும் எடுக்க மாட்டார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் அப்பாவோ மாமாவோ யாழ்ப்பாணத்தில் ஓட்டிய ஹொண்டா எம்.டி 90 பற்றிக் கதை கதையாகச் சொல்லியிருப்பார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகள் அவை. நோயாளியையும் அரிசி மூட்டையையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் போன அவர்களின் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த எஞ்சினின் வலு பத்துக் குதிரையைக்கூட எட்டாதது. கையை முழுக்க முறுக்கினாலும் அது நிதானமாகத்தான் வேகம் பிடிக்கும். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் எம்.டி-09-இல் 890 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 117 குதிரைவலு. இந்த வகுப்பு வண்டிகளில் பல, முதல் இரண்டு கியர்களை முடிப்பதற்குள்ளேயே மணிக்கு 100 கி.மீ-ஐத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 28 மீற்றர் போய்விடுவீர்கள். ‘நாங்கள் ஓட்டாத மோட்டார் சைக்கிளா’ என்று சொல்லும் மாமாவின் அறிவு சமநிலைக்கும் கிளட்சுக்கும் உதவும். இந்த வலுவுக்கு உதவாது.

இனி ஓட்டிப் பார்ப்பதற்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்பினேன், ஏனென்றால் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாறுவது ஓட்டிப் பார்க்கும் அந்த இருபது நிமிடத்தில்தான்.

ரொறன்ரோவில் பல கடைகளில் புது வண்டியைத் தனியாக எடுத்துப்போய் ஓட்ட விடமாட்டார்கள். வழக்கமான வழி, கம்பனிகள் வெயில் மாதங்களில் நடத்தும் டெமோ நாட்கள். அங்கே முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், நடுவில் வரிசையாக நீங்கள். கையெழுத்து வாங்குவார்கள், ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பொதுவாக எம்1-ஐ ஏற்க மாட்டார்கள். வழிகாட்டி கொண்டுபோகும் பாதை பெரும்பாலும் நேரான, அகலமான தொழிற்பேட்டை வீதிதான். நேர்வீதியில் மூன்றாம் கியரில் கையை முறுக்கினால் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். அந்த உணர்வோடு திரும்பி வந்து கையெழுத்துப் போடுபவர்கள் நிறையப் பேர். நேர்வீதியில் விரைவது இந்த வண்டிகளுக்கு மிக எளிது. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை எல்லாம் மணிக்கு 30 கி.மீ-க்குக் கீழே இருக்கின்றன. வண்டியைக் கிளப்பும் முன்னரே, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது, அதைப் பக்கவாட்டு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். இருபாதமும் தரையில் எவ்வளவு பதிகின்றன? சரிவான பார்க்கிங்கில் கால்களால் பின்னால் தள்ள முடிகிறதா? பின்னர் முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு முழுத் திருப்பம் எடுக்க இடம் கேளுங்கள். மூடிய த்ரொட்டிலை மெல்லத் திறக்கும் அந்த முதல் மில்லிமீற்றரில் வண்டி நழுவிப் போகிறதா, உதைத்துக்கொண்டு போகிறதா? கனடாவில் முதலில் எஃப்.இசட்-09 என்ற பெயரில் 2014 மொடலாக வந்த எம்.டி-09-க்கு இந்த உதைப்புத்தான் பெரிய குறையாகப் பேசப்பட்டது. பின்னால் வந்த மொடல்களில் யமஹா அதைத் திருத்திக்கொண்டே வந்தது. பழைய வண்டியை வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த முதல் மில்லிமீற்றர் எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ரொறன்ரோவின் வீதிகள் குளிர்காலத்தில் உறைந்து, உருகி, திரும்ப உறைந்து பிளப்பவை. வசந்தத்தில் எல்லிஸ்மியரிலோ ஃபின்ச்சிலோ குழி இல்லாத ஒரு நீளத்தைக் காண்பது அரிது. சக்கரம் குழியில் விழும்போது உங்கள் உடம்பு குலுங்கும், வலது மணிக்கட்டும் உங்களைக் கேட்காமலே அசையும். 47 குதிரைவலு வண்டியில் அந்த அசைவு ஒரு சின்ன உலுக்கலோடு முடிந்துவிடும். 120 குதிரைவலு வண்டியில், திருப்பத்தின் நடுவில், வீதியோரத்தில் குளிர்கால மணல் இன்னும் கூட்டப்படாமல் கிடக்கும் ஏப்ரல் மாதத்தில், டயரும் சூடேறாத நேரத்தில், அதே அசைவு பின்சக்கரத்தை வழுக்கவைக்கும். புதிய வண்டிகளில் சரிவை அளக்கும் கருவியும், திருப்பத்திலும் வேலை செய்யும் ஏ.பி.எஸ்-உம், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் கட்டுப்பாடும் இருக்கின்றன. எம்.டி-09-க்கு 2021 மொடலிலிருந்து அவை உண்டு. உயிர் காக்கும் விஷயங்கள் அவை, கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். ஆனாலும் மணலில் இல்லாத பிடியை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது. குவீன் வீதியிலும் ஸ்பதைனாவிலும் மழையில் நனைந்த ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்திலும் அப்படித்தான். அதைக் கூடியவரை நேர்குறுக்காக, பிரேக்கையும் த்ரொட்டிலையும் தொடாமல் கடக்க வேண்டும்.

ஓட்டம் முடியும் முன் ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொடையருகே எஞ்சின் எவ்வளவு சூடாகிறதென்று கவனியுங்கள். ஜூலை மாத டொன் வலி பார்க்வேயில் ஊர்ந்து போகும்போது இந்தச் சூடு உங்கள் பொறுமையைத் தின்றுவிடும், இங்கே கார்களுக்கு நடுவால் புகுந்து போகவும் சட்டம் இடம் தராது. காற்றையும் சொல்ல வேண்டும். 401-இல் 110 கி.மீ-இல் நேக்கட் பைக்கில் இருப்பவரின் நெஞ்சைக் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். தினமும் ஓஷாவாவிலிருந்து வேலைக்கு வருபவராக இருந்தால், அழகை ஒருபுறம் வைத்துவிட்டுக் காற்றுத் தடுப்பு உள்ள வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இறங்கி வந்ததும் உங்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த இருபது நிமிடத்தில் என் கவனம் வீதியில் இருந்ததா, வண்டியிலேயே இருந்ததா? வண்டியைச் சமாளிப்பதிலேயே மனம் முழுக்கச் செலவானால் வீதியைப் பார்க்க உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. நான் இதை அழுத்திச் சொல்வதற்கு ஓர் ஆய்வும் காரணம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்கள் சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டு வீதியில் ஓட்டியவர்கள். ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அன்று ஓட்டிய அந்த வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இருக்கவில்லை. ஐந்து மாதம் என்றால் எங்களுக்கு ஏறத்தாழ ஒரு முழு ஓட்டக்காலம். குளிர்காலம் முழுவதும் வண்டி கராஜில் தூங்கும், மறு ஏப்ரலில் கை பாதி மறந்திருக்கும். ஆகவே முதல் இரண்டு வெயில் காலங்களையும் பழகும் காலமாகவே எண்ணுங்கள்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. காரோடு மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய கார்க்காரர் வழிவிடவில்லை. எதிரே வந்து இடப்புறம் திரும்பும் கார்தான் அதில் முதன்மையானது. மார்க்கம் ரோட்டும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் பக்கம் சனிக்கிழமை மாலையில் போய்ப் பாருங்கள். மரக்கறிக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நகைக்கடைக்கும் திரும்ப அவசரப்படும் கார்கள் வரிசையாக நிற்கும். அந்த ஓட்டுநர் தூரத்தில் ஒற்றை விளக்கைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறதென்று கணக்குப் போடுவார். 60-இல் வருபவருக்கு அந்தக் கணக்குச் சரியாக இருக்கும். பச்சை விழுந்ததும் நான்கு வினாடியில் 100-ஐத் தொட்ட வண்டிக்கு அந்தக் கணக்கு சாவு. தவறு யாருடையது என்று பிறகு பொலிஸ் எழுதும் தாள் உங்கள் எலும்புகளைச் சேர்க்காது.

அப்படியென்றால் எதை வாங்குவது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு காலத்துக்கு மேலே சொன்ன ஏ2 எல்லைக்குள் இருக்கும் வண்டியை வாங்குங்கள். 471 சிசி, 47 குதிரைவலு ஹொண்டா சிபி500எஃப் அந்த ஏ2 விதிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருப்பது. புனே அருகே பஜாஜ் தொழிற்சாலையில் செய்யப்படும் கேடிஎம் 390 டியூக் எடை குறைந்தது, திருப்பத்தில் மகிழ்ச்சி தருவது. தமிழ்நாட்டு ஓசூரில் டிவிஎஸ் செய்துகொடுத்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்-உம் இந்த நகரத்தில் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அடுத்த படியான எம்2 லைசென்ஸுடன் ஒரு காலம் ஓட்டி முடித்தவர்கள் எம்.டி-07-ஐ நினைக்கலாம், எழுபது சொச்சம் குதிரைவலு, கைக்குப் பணிவான எஞ்சின். ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதியின் வளைவுகளில் ஞாயிறு காலையில் நான் பார்த்த மிக நேர்த்தியான ஓட்டங்களில் சில சின்ன வண்டிகளில்தான் நடந்தன. த்ரொட்டிலை எங்கே திறப்பது, பார்வையை எங்கே வைப்பது என்பதைச் சின்ன வண்டியில் கற்றவர்களுக்குப் பெரிய வண்டி பிறகு அப்படியே கைக்குள் வரும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டிப் பார்க்கப் போகும் முன்பே இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். மொடல், சிசி, உங்கள் வயது, லைசென்ஸின் வயது, வீட்டு அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் கொடுத்துக் கேளுங்கள். பெரிய வண்டியும் புது லைசென்ஸும் சேர்ந்தால் சில நிறுவனத்தார் எடுக்கவே மாட்டார்கள், எடுப்பவர்கள் சொல்லும் தொகை மாதத் தவணையை விடப் பெரிதாக இருக்கலாம். அதற்காக வண்டியை அப்பாவின் பெயரில் எடுத்து அவர்தான் முதன்மை ஓட்டுநர் என்று எழுதுவதும், விலை குறைந்த ஊரிலுள்ள சித்தியின் விலாசத்தைக் கொடுப்பதும் எங்கள் ஆட்களிடையே நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பொய்த் தகவல் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்கவும் ஒப்பந்தத்தை இல்லாமல் செய்யவும் நிறுவனத்துக்கு வழி உண்டு, அந்தச் சுமை அப்பாவின் தலையிலும் வந்து விழும். கால் உடைந்து வேலைக்குப் போகமுடியாவிட்டால் வாரம் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்ராறியோவில் கடையில் கையெழுத்திட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க அவகாசம் எதுவும் சட்டத்தில் இல்லை. விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் 13 வீத எச்.எஸ்.டி-யும் பதிவுக் கட்டணமும் மட்டும்தான் சேரலாம். சரக்குக் கூலி, தயார்செய்யும் கூலி என்று புதிதாகக் கட்டணங்கள் முளைத்தால், வாகனக் கடைகளை மேற்பார்வை செய்யும் ஒம்விக் அமைப்பின் விதியைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். தனியாரிடம் வாங்கினால் விற்பவர் தரவேண்டிய பழைய வாகனத் தகவல் பொதியை முதலில் வாங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். போகும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதலிரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் இரும்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் அந்த வண்டி பலமாக விழுந்தது.

பெரிய நேக்கட் பைக்கின் அகன்ற ஹேண்டில்பாரும் முறுக்கு வலுவும் முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லித் தூண்டும். பொதுவீதியில் ஒற்றைச் சக்கரத்தில் ஓடுவது இங்கே ஸ்டண்ட் குற்றம். 80-க்குக் குறைந்த எல்லையுள்ள வீதியில் 40 கி.மீ மேலே போவதும், எங்கேயாவது 150-ஐத் தொடுவதும் அதே குற்றம். நின்ற இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் போகும், 14 நாள் வண்டி போகும், நீதிமன்றத்தில் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டம். 60 எல்லையுள்ள கிங்ஸ்டன் ரோட்டில் 100-ஐத் தொட இந்த வண்டிக்கு வேண்டியது மூச்சு ஒன்றை இழுத்துவிடும் நேரம்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வண்டியை நண்பனின் கராஜில் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் அம்மாமாரில் பலர் பிள்ளை வீடு திரும்புமா என்று வாசலில் நின்ற ஆண்டுகளைக் கடந்து இங்கே வந்தவர்கள். அவர்களுடைய பயத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆகவே மறைக்காதீர்கள். பயிற்சி வகுப்பில் சேர்ந்த தாளைக் காட்டுங்கள். ஹம்பர் கல்வி நிறுவனத்தில் வார இறுதியில் நடக்கும் வகுப்பு போன்ற அங்கீகாரம் பெற்ற ஒன்றை முடித்தால் எம்2-வில் இருக்க வேண்டிய 22 மாதம் 18 ஆகக் குறையும். வண்டிக்கு ஒதுக்கிய காசில் முதலில் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் சப்பாத்தும் வாங்கி அம்மாவின் முன்னால் போட்டுப் பாருங்கள். எங்கே போகிறேன், யாரோடு, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பயம் போகாது, ஆனால் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓட்டும் பாரம் உங்களிடமிருந்து போகும். அந்தப் பாரத்தோடு வீதியைச் சரியாகப் பார்க்க முடியாது.

ஏற்கெனவே கையெழுத்திட்டு, பெரிய வண்டி வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு சொல். இந்தக் காலம் முழுவதும் ‘ரெயின்’ மோடிலேயே ஓட்டுங்கள், வெயில் எறித்தாலும்கூட. பல வண்டிகளில் அது எஞ்சின் பதிலை மென்மையாக்கி வலுவையும் குறைக்கும், யாரும் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. கூட்டமாகப் போகும்போது உங்களைவிட வேகமானவரின் பின்விளக்கை விரட்டாதீர்கள், அடுத்த சந்தியில் காத்திருக்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வெற்று வாகனத் தரிப்பிடத்தில் 40-இலிருந்து முழு பிரேக் பிடித்து நிற்பதைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வண்டியில் ஏறும்போதெல்லாம் வயிறு இறுகினால், விற்றுவிட்டுச் சின்னதற்கு மாறுங்கள். ஒக்டோபர்வரை இழுக்காதீர்கள், அப்போது வாங்க ஆள் வராது. ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் இந்த நகரம் மோட்டார் சைக்கிளைத் தேடும், விலையும் அப்போதுதான் நிற்கும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்